பழைய நீர்மட்டங்களைத் தேர்தலும் திருத்தலும்

ஒரு தளம் கிடையாக அமைந்துள்ளதா, ஒரு சுவர் செங்குத்தாக நிற்கின்றதா என்பதை அறிதற்கு மேசனும் தச்சனும் கையாளும் கருவி நீர்மட்டம். நீண்ட கோல் ஒன்று. அதன் நடுவே சிறியதொரு கண்ணாடிக்குழாய். குழாயினுள்ளே ஒரு திரவமும் ஒரு குமிழியும். இவ்வளவே அதன் உறுப்புக்கள். நீர்மட்டம் என்று பெயர் பெற்றிருப்பினும் அதனுள் இருப்பது நீர் அன்று. தமிழ்நாட்டுக் கொத்தர் அதனை ரசமட்டம் என்பர். ஆயினும் பாதரசமும் அதனுள் இல்லை. உள்ளிருப்பது மதுசாரம் அல்லது ஈதர் போன்றதொரு மெல்லிய திரவம். குளிர் நாடுகளிலே நீர் உறைந்து கண்ணாடியை வெடிக்கச் செய்யும். அன்றியும், நீரினுள் குமிழி கண்ணாடியோடு ஒட்டித் தயங்கித் தயங்கி நகரும். மதுசாரத்துக்கு இவ்விரு குறைகளும் இல்லை.

19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட நீர்மட்டங்கள் இன்றும் பழம்பொருட் சந்தைகளிலும் ஏலங்களிலும் கிடைக்கின்றன. கருங்காலியும் ஈட்டியும் பித்தளையும் கலந்து செய்த அவற்றின் அழகு கண்ணைக் கவர்வது. எனினும் நீர்மட்டம் வெறும் அலங்காரப் பொருளன்று. அஃது ஒரு சாட்சி. அதன் சொல்லை நம்பியே சுவர் எழுகின்றது, கதவுநிலை நிற்கின்றது. மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் பொய் சொல்லும் கருவியை நம்பி 6 மீற்றர் நீளச் சுவரைக் கட்டினால், ஒரு முனை மற்றதனிலும் 6 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். ஆகவே பழைய நீர்மட்டம் ஒன்றை வாங்குவோரும் திருத்துவோரும் அதன் மெருகை மட்டும் பாராது, அதன் வாய்மையையும் பார்த்தல் வேண்டும். அதற்கு வழி யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில், இக்கருவி எவ்வாறு பிறந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். குமிழி தோன்றுமுன்னரே மனிதர் மட்டம் பார்க்க அறிந்திருந்தனர். பண்டை எகிப்தியர் முக்கோணச் சட்டம் ஒன்றில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் நடுக்கோட்டில் விழுகின்றதா என்று பார்த்தனர். உரோமர் நீண்ட மேசை போன்ற கருவியொன்றில் தூக்குக்குண்டுகளையும் நீர்த்தொட்டியையும் அமைத்துக் கால்வாய்களுக்கு மட்டம் எடுத்தனர். நம் நாட்டிலே 5 ஆம் நூற்றாண்டில் கலா வாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசா வாவிக்கு வெட்டப்பட்ட யோத எல என்னும் கால்வாய், தன் முதல் 17 மைல் தூரத்திலே மைலுக்கு ஏறக்குறைய 6 அங்குலமே சரிகின்றது என்பர். கண்ணாடிக் குமிழி இன்றியே இத்தகைய நுட்பம் கைகூடியது என்பது சிந்திக்கத்தக்கது.

குமிழி மட்டத்தைக் கண்டவர் மெல்கிசடெக் தெவெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர். 1661 ஆம் ஆண்டளவில் அவர் இக்கருவியை அமைத்து, அதன் செய்தியை இலண்டனிலிருந்த ரொபேட் ஹூக், புளோரன்சிலிருந்த விவியானி முதலிய அறிஞருக்குத் தெரிவித்தார். ஆயினும் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது பரவலாக வழக்கில் வரவில்லை. அளவைக் கருவிகளிலும் தொலைநோக்கிகளிலும் முதலில் இடம்பெற்ற குமிழி, தொழிற்சாலைகள் பெருகிய 19 ஆம் நூற்றாண்டிலேதான் தச்சர் கைக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது.

இனி, குமிழியின் இரகசியத்தைக் காண்போம். குழாய் முற்றிலும் நேராக இருப்பின் அக்கருவி பயன்படாது. சிறிது சரிந்தவுடன் குமிழி ஒரு முனைக்கே ஓடிவிடும். குழாயின் உட்புறம், நடுப்பகுதி சற்றே உயர்ந்த வில்போல வளைந்திருத்தல் வேண்டும். குமிழி எப்பொழுதும் அவ்வில்லின் மிக உயர்ந்த இடத்தையே நாடும். கோல் சரியும்போது உயர்ந்த இடம் மாறுகின்றது. குமிழியும் அங்கே நகர்கின்றது. அவ்வில் எவ்வளவு பெரிய வட்டத்தின் பகுதியோ, அவ்வளவுக்குக் குமிழி நுண்ணுணர்வு உடையதாகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 2 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பகுதியாக வளைந்த குழாயிலே, கோல் மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் சரிந்தால் குமிழி 2 மில்லிமீற்றர் நகரும். இதனைக் கண்ணாற் காணலாம். தச்சு வேலைக்கு இது போதும். 50 மில்லிமீற்றர் நீளமுள்ள அத்தகைய குழாயின் நடுப்பகுதி முனைகளிலும் பார்க்க 0.16 மில்லிமீற்றர் அளவே உயர்ந்திருக்கும். 41 மீற்றர் ஆரையுடைய குழாயாயின், 10 விகலைச் சரிவுக்கே குமிழி 2 மில்லிமீற்றர் நகரும். ஒரு பாகையில் 3600 விகலைகள் உள. அக்குழாயின் 50 மில்லிமீற்றர் நீளத்தில் நடுப்பகுதியின் உயர்வு 0.008 மில்லிமீற்றர் மாத்திரமே. யோத எலவின் சரிவு ஏறக்குறைய 20 விகலை. சாதாரணத் தச்சு மட்டத்தின் குமிழி அச்சரிவுக்கு ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கே அசையும். கண் அதனை உணராது.

மலிவான குழாய்களைக் கண்ணாடியைச் சூடாக்கிச் சற்றே வளைத்துச் செய்தனர். உயர்ந்த கருவிகளுக்கோ, குழாயின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக வளைவேற்றினர். தேய்க்கப்பட்ட குழாயிலே குமிழி எவ்விடத்தும் ஒரே சீராக நகரும். பழைய நீர்மட்டத்தின் உயிர் இக்குழாயே என்பதை மறத்தலாகாது. மரம் கீறலுற்றாலும் பித்தளை கறுத்தாலும் திருத்தலாம்; சீராகத் தேய்த்த மூலக் குழாய் உடைந்தால் அதற்கு நிகரானது எளிதிற் கிடையாது.

தேடத்தக்க செய்கையாளர் சிலரை அறிந்திருத்தல் நன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் இத்தொழிலின் ஒரு பெருநிலையம். அங்கு 1784 இல் தொடங்கிய ரபோன் நிறுவனமும், 1825 இல் தொடங்கிய எட்வேட் பிறெஸ்ரன் நிறுவனமும் கருங்காலியிலும் ஈட்டியிலும் பித்தளைத் தகடு பதித்த நீர்மட்டங்களைச் செய்தன. 1932 இல் பிறெஸ்ரன் நிறுவனத்தை ரபோன் வாங்கிற்று; 1963 இல் ரபோன், ஷெபீல்ட் நகரின் செஸ்ரமன் நிறுவனத்தோடு இணைந்தது. ஆகவே ‘ரபோன் செஸ்ரமன்’ என்று இரு பெயரும் சேர்ந்து பொறித்த கருவி 1963 ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. கருங்காலி நமது வறண்ட வலயக் காடுகளிலும் வளரும் மரமாதலால், அதன் கனமும் உறுதியும் நம்மவர்க்குப் புதியன அல்ல.

அமெரிக்காவில், கனெற்றிக்கற் மாநிலத்து நியூ பிரிற்றன் நகரில் 1850 களின் பிற்பகுதியில் எழுந்த ஸ்ரான்லி நிறுவனம் மிகப் பல நீர்மட்டங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. அளவுகோலும் மட்டமும் செய்த அந்நிறுவனம் 1920 இல் ஸ்ரான்லி வேர்க்ஸ் என்னும் நிறுவனத்தோடு ஒன்றாயிற்று. இதய வடிவம் ஒன்றும் இரண்டு எழுத்துக்களும் சேர்ந்த வணிகக்குறி உள்ள கருவி, 1920 க்கும் 1930 களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது எனக் கொள்ளலாம். மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கிறீன்பீல்ட் நகரின் ஸ்ராற்றன் சகோதரர், ஈட்டி, மகோகனி மரக் கோல்களின் நான்கு விளிம்புகளிலும் பித்தளைக் கம்பி பதித்தனர். தேய்வது மரத்தின் விளிம்பே. அதனைப் பித்தளை காக்கின்றது. அவர்தம் கருவிகளிலே 1872, 1887 ஆகிய உரிமைக்காப்பு ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதே மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், லெனாட் டேவிஸ் என்பவர் 1867 இல் உரிமை பெற்ற நீர்மட்டம் இன்னொரு வகை. வார்ப்பிரும்பிலே கொடிப்பின்னல் போன்ற வேலைப்பாடும், நடுவே சுழலும் வட்டத்திற் குமிழியும் உடையது அது. சரிவின் கோணத்தையே பாகையில் அளந்து காட்டும். அத்தொல் நகரில் 1880 இல் தொடங்கிய ஸ்ராரெற் நிறுவனம், இயந்திரம் பொருத்துவோருக்கான நுண்மட்டங்களுக்குப் பெயர்பெற்றது. அதன் 98 ஆம் இலக்கக் கருவியிலே குமிழி ஒரு கோடு நகர்ந்தால், ஓர் அடி நீளத்தில் ஓர் அங்குலத்தின் 200 இல் ஒரு பங்கு சரிவு உண்டு என்பது பொருள். 199 ஆம் இலக்கக் கருவியிலோ 2000 இல் ஒரு பங்கு.

சந்தையிலே ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் எவற்றை நோக்க வேண்டும்? முதலாவது, குமிழி. குழாயின் மேலுள்ள இரு கோடுகளுக்கிடையே குமிழி ஏறக்குறையப் பொருந்தி நிற்றல் வேண்டும். வெப்பத்தில் திரவம் விரிவதால் குமிழி சற்றுச் சுருங்கும், குளிரில் நீளும். அஃது இயல்பு. ஆனால் கோடுகளைக் கடந்து மிக நீண்டிருப்பின் திரவம் கசிந்துவிட்டது என்பது தெளிவு. கோலைச் சாய்க்கும்போது குமிழி ஓரிடத்தில் ஒட்டிப் பின் துள்ளி நகர்ந்தால் குழாயின் உட்புறம் பழுதுற்றது எனலாம்.

இரண்டாவது, கோலின் நேர்மை. ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி அடிப்புறத்தை ஒரு கண்ணாற் பார்க்க. நல்ல செய்கையாளர் நன்கு உலர்ந்த மரத்தைத் தேர்ந்தும், சில வேளைகளில் பல துண்டுகளை ஒட்டியும் கோணலைத் தடுத்தனர். எனினும் ஈரக் களஞ்சியத்திற் கிடந்த கோல் முறுகியிருக்கக்கூடும். மூன்றாவது, திருகாணிகள். அவற்றின் தலைகள் சிதைந்திருந்தால், அறியாக் கை ஒன்று முன்னரே உள்ளே புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். வார்ப்பிரும்புக் கருவியாயின் பின்னல் வேலைப்பாட்டிலே முறிவும் பற்றுவைத்த தடமும் உளவோ என்று தேடுக. புதிய கறுப்புப் பூச்சு பெரும்பாலும் ஏதேனும் ஒன்றை மறைக்கவே பூசப்படுகின்றது.

நான்காவதும் தலையாயதுமான சோதனை, திருப்பிவைத்துப் பார்த்தல். இதற்கு மட்டமான மேசை தேவை இல்லை என்பதே இதன் சிறப்பு. கருவியை மேசைமேல் வைத்து, தாழ்ந்த முனையின்கீழ்க் கடதாசித் துண்டுகளைச் செருகிக் குமிழியை நடுவில் நிறுத்துக. அது கிடந்த இடத்தை மேசையிலே பென்சிலாற் குறித்துக்கொள்க. பின்னர், கடதாசியை அசைக்காது, கருவியை மாத்திரம் வலமுனை இடப்பக்கம் வரத் திருப்பி, அதே அடையாளத்தில் வைக்க. குமிழி மீண்டும் நடுவில் நின்றால் கருவி வாய்மை உடையது. நகர்ந்து நின்றால், நகர்ந்த தூரம் கருவியின் பிழையைப் போல் இரு மடங்கு. காரணம் எளிது: முதலில் மேசையின் சரிவு கருவியின் பிழையை மறைத்தது, திருப்பியபின் இரண்டும் ஒன்றோடொன்று கூடின.

குமிழியின் நுண்ணுணர்வையும் அங்கேயே அறியலாம். சாதாரண எழுதுதாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது. அரை மீற்றர் நீளக் கோலின் ஒரு முனையின்கீழ் ஐந்து தாள்களை வைத்தால், மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் சரிவு உண்டாகும். குமிழி அப்பொழுது தெளிவாக நகர வேண்டும். அசையாது நிற்கும் குமிழி தச்சு வேலைக்கும் உதவாது. செங்குத்துக் காட்டும் குழாய் இருப்பின், சுவரிலே குமிழி நடுவில் நிற்கக் கோலைப் பிடித்து, ஒரு விளிம்பை ஒட்டிக் கோடு கீறுக. பின் கோலை முன்பின்னாகத் திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்திலிருந்து பொருத்துக. குமிழி நடுவிலேயே நின்றால் அக்குழாயும் செம்மையாக உள்ளது.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். திருத்துதலின் முதல் விதி, குறைவாகச் செய்தல். மரத்திலே படிந்த அழுக்கை, மண்ணெண்ணெயில் தோய்த்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். மரத்தை அரத்தாளால் தேய்த்துப் புதுமரம் ஆக்க முயல்வோர், செய்கையாளரின் பெயரையும் உரிமைக்காப்பு ஆண்டையும் அழித்துவிடுகின்றனர். பழைய தொழிலாளர் தம் பெயரையோ பெயரெழுத்தையோ கோலின் முனையிற் பொறித்துவைப்பது வழக்கம். அதுவும் கருவியின் வரலாறே. அதனைச் சீவுளியாற் சீவி எறிதல் தகாது. துடைத்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, நன்கு உலர்ந்தபின் தேன்மெழுகு பூசித் தேய்த்தால் நிறமும் ஒளியும் மீளும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலரவிடல் வேண்டும். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலிலே அரிப்பும் மூச்சிலே எரிச்சலும் உண்டாக்கும். அதனைத் தேய்க்க நேரின் முகத்தையும் கைகளையும் காத்துக்கொள்க. பழைய பூச்சிலே ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்குதல் ஆபத்தானது.

பித்தளையிலே கறுப்புப் படிவது இயல்பு. மென்மையான மெருகுப்பசையால் ஓரளவு துலக்கலாம். அமோனியா கலந்த திரவத்தில் ஊறவைத்தல் கூடாது. இறுக்கத்தில் இருக்கும் பித்தளையிலே அது வெடிப்பை உண்டாக்கும். வார்ப்பிரும்பின் துருவை மண்ணெண்ணெயில் நனைத்த நுண்ணிய உருக்குக் கம்பளியால் மெதுவாக அகற்றுக. மூலக் கறுப்புப் பூச்சு எஞ்சியிருக்கும் இடத்தைத் தொடாது விடுக. திருகாணிகளைக் கழற்றுமுன், அவற்றின் பிளவில் இறுகப் பொருந்தும் திருப்புளியைத் தேர்ந்தெடுக்க. ஒல்லியான திருப்புளி ஒரு கணத்தில் நூறாண்டுத் தலையைச் சிதைத்துவிடும். கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடம் குறித்து வைத்து, அங்கேயே மீளப் பூட்டுக.

குழாயைச் செம்மை செய்தல் இருவகைப்படும். ஸ்ரான்லி முதலியோர் செய்த சில வகைகளிலே, மேற்றகட்டின்கீழ் குழாயின் ஒரு முனையை உயர்த்தவும் தாழ்த்தவும் திருகாணி உண்டு. திருப்பிவைத்துப் பார்த்தபோது குமிழி நகர்ந்த தூரத்திற் பாதியைத் திருகாணியாலும், மறுபாதியை மேசையின்மேலுள்ள கடதாசியாலும் திருத்துக. மறுபடியும் திருப்புக, மறுபடியும் திருத்துக. மூன்று நான்கு முறைக்குள் குமிழி இருபுறமும் நடுவில் நிற்கும். முழுத் தூரத்தையும் திருகாணியாலேயே திருத்துவோர் ஒரு பிழையை நீக்கி மறுபுறம் அதே பிழையை உண்டாக்குகின்றனர்.

வேறு பல கருவிகளிலே குழாய் பாரிஸ் சாந்தில் பதிக்கப்பட்டிருக்கும். குழாய் உடைந்திருந்தால், பழைய சாந்தை மரத்தை நனைக்காமல் கூரிய சிறு முனையால் கிள்ளி அகற்றுக. குழியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அதற்கேற்ற குழாயைத் தேடுக. கோடுகள் பொறித்த பக்கம் மேலே வருமாறு, குழாயின் இரு முனைகளின் கீழும் சிறிது சாந்து இட்டுப் பதிக்க. முன்னரே மட்டமென்று உறுதிசெய்த பரப்பிலே கோலை வைத்து, குமிழி நடுவில் நிற்குமாறு குழாயை அசைத்துச் சாந்து இறுகும்வரை விடுக. பின்னர்த் திருப்பிவைத்துச் சோதித்து, நிறைவு இல்லாவிடின் மீண்டும் பதிக்க. பழைய குழாயைத் திறந்து புதுத் திரவம் நிரப்ப முயலுதல் வேண்டாம். அதன் முனைகள் நெருப்பால் உருக்கி அடைக்கப்பட்டவை. உள்ளே இருப்பதோ எளிதில் தீப்பற்றும் மதுசாரம் அல்லது ஈதர். அம்முயற்சி கண்ணுக்கும் கைக்கும் கேடு விளைக்கும்.

கோலின் அடிப்புறம் தேய்ந்திருந்தால், தடித்த கண்ணாடித் தட்டிலே நுண்ணிய அரத்தாளை ஒட்டி, கோலை அதன்மேல் சீராக இழுத்துச் சமன் செய்யலாம். விளிம்பிலே பித்தளை பதித்த கருவிக்கு இதனைச் செய்தல் தகாது. பித்தளை மெலிந்து கழன்றுவிடும். அடிப்புறத்தைச் சமன் செய்தபின் குழாயையும் புதிதாகச் சோதித்தல் இன்றியமையாதது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. எல்லாப் பழங்கருவிகளையும் இவ்வாறு திருத்தலாமா? டேவிஸ் செய்த பின்னல் வேலைப்பாட்டு மட்டம் போன்ற அரிய பொருளிலே மூலக் குழாய் வறண்டிருந்தாலும் அதனை அகற்றாது விடுதலே முறை. அதன் பெறுமதி அது பிறந்த நிலையிலேயே தங்கியிருக்கின்றது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண ஸ்ரான்லி, ரபோன் கோல்களோ வேலைக்கென்றே பிறந்தவை. அவற்றிற்குப் புதுக்குழாய் இட்டு வாய்மையை மீட்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. இரண்டாம் வகையை விற்போர், குழாய் மாற்றப்பட்டது என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாகச் சொல்லுதல் கடன். மட்டத்தை விற்கும்போது வளைந்து பேசுதல் அழகன்று.

சட்டம் ஒன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்கீழ், பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரம் 1992 இல் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2017 இல் ஈட்டி உள்ளிட்ட அவ்வினத்து மரங்கள் யாவும் ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டுள் அடங்கின. ஆதலால் இம்மரங்களாலான கருவியை வெளிநாட்டிலிருந்து வருவிக்க எண்ணுவோர், உரிய அனுமதி தேவையோ என்பதை முன்கூட்டியே விசாரித்தல் நன்று.

இப்பொருளில் மேலும் ஆராய விரும்புவோருக்குச் சங்கங்களும் உள. அமெரிக்காவில் 1933 இல் தோன்றிய ஆதி அமெரிக்கக் கைத்தொழிற் சங்கமும், பிரித்தானியாவில் 1983 இல் தோன்றிய கருவிகள், தொழில்கள் வரலாற்றுச் சங்கமும் பழங்கருவிகள் பற்றிய அறிவைப் பேணி வருகின்றன.

மின்கதிர் வீசி மட்டம் காட்டும் கருவிகள் இன்று கட்டட வேலையில் வந்துவிட்டன. மின்கலம் தீர்ந்தால் அவை ஓய்ந்துவிடும். குமிழிக்கு அக்கவலை இல்லை. கருங்காலிக் கோலும் கண்ணாடிக் குழாயும் பூமியின் ஈர்ப்பு ஒன்றையே நம்பி நிற்பவை. செம்மையாகத் திருத்திய பழைய நீர்மட்டத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திருப்பிவைத்துச் சோதித்தல் வேண்டும். கடையிலிருந்து அன்று வாங்கிய புத்தம் புதிய கருவிக்கும் அதே சோதனை உரியது. ஒரு மேசையும், சில கடதாசித் துண்டுகளும், ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். சுவர் எழுந்தபின் பிழையைக் காண்பதைவிட, எழுமுன் குமிழியை வினாவுதல் எளிது.